பழைய பிரின்டர், புதிய ரவுட்டர்: டிக்கோயா வீடொன்றின் வைஃபை நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் பொகவந்தலாவைக்குப் போகும் வீதியோரம், சரிவில் இறங்கி நிற்கும் வீடு. வீதி மட்டத்தில் முன்பு கடையாக இருந்த அறை. அதன் இரும்பு ரோலர் கதவு இன்னும் அப்படியே இருக்கிறது. இப்போது அங்கிருந்துதான் உயர்தர மாணவர்களுக்கு ஸூமில் கணித வகுப்பு நடக்கிறது. படி இறங்கினால் முன்னறை, சமையலறை, ஒரு படுக்கையறை. இன்னும் ஒரு படி இறங்கினால் மலையை வெட்டிக் கட்டிய கீழ்த்தட்டு. அங்கே இரண்டு அறைகள், அவற்றின் பின்சுவர் முழுக்கக் கருங்கல். ஒவ்வொரு தட்டுக்கும் இடையே கொங்கிரீட் சிலாப்.

கம்பத்திலிருந்து வரும் ஃபைபர் கடை அறைக்குள் இறங்குகிறது. சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி அங்கேயே சுவரில் மாட்டியிருக்கிறது. அதிலும் வைஃபை உண்டு, ஆனால் கீழ்த்தட்டுக்கு எட்டவில்லை. அதனால் அட்டைப்பெட்டியில் 5400 என்று பெரிதாக அச்சிட்ட வைஃபை 6 ரவுட்டர் ஒன்று வாங்கப்பட்டு, ஃபைபர் பெட்டியின் பக்கத்திலேயே வைக்கப்பட்டது. உடனே நான்கு முறைப்பாடுகள் கிளம்பின. பழைய லேப்டாப்பில் புதிய வைஃபையின் பெயரே தெரியவில்லை. பிரின்டருக்குப் பெயர் தெரிந்தது, ஆனால் பாஸ்வர்டை ஏற்கவில்லை. வாசல் கேமரா பகலில் வேலை செய்து இரவில் அறுந்துபோனது. கீழ்த்தட்டு அறைகளில் நிலைமை முன்போலவே இருந்தது.

ரவுட்டர் பழுது என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். பழைய சாதனங்களை மாற்றுங்கள் என்றார் கடைக்காரர். இரண்டுமே சரியில்லை. நான்கு முறைப்பாட்டுக்கும் காரணங்கள் வேறு வேறு. ஒரே பொருளை மாற்றி நான்கையும் தீர்க்க முடியாது.

வீட்டில் இருந்த சாதனங்கள்

ரவுட்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய இந்த வேலை இங்கே வாங்கிய பின் நடந்தது. வைஃபையைத் தொடும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அலைவரிசை (2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா), தலைமுறை (வைஃபை 5, 6 என்பன போல), பாதுகாப்பு முறை என்று மூன்று விவரம் குறிக்க வேண்டும். போன்களுக்கும் டிவிக்கும் மாடல் பெயரைத் தேடினால் விவரம் கிடைக்கும். விண்டோஸ் லேப்டாப்பில் வைஃபை செட்டிங்ஸுக்குள் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால், தற்போதைய இணைப்பு எந்தத் தலைமுறை, எந்த அலைவரிசை என்பதும் வைஃபை கார்டின் பெயரும் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பதிப்பும் ஒரே பக்கத்தில் இருக்கும். பிரின்டரில் நெட்வொர்க் ரிப்போர்ட் என்று ஒரு பக்கம் அச்சிட்டுக்கொள்ளலாம்.

இரண்டு போன்களும் வகுப்பு நடத்தும் லேப்டாப்பும் வைஃபை 6. டிவி வைஃபை 5, அதாவது 2013இல் வந்த 802.11ஏசி. பழைய லேப்டாப்பும் ஏசி கார்டு கொண்டதுதான், ஆனால் அந்தத் தலைமுறையின் தொடக்க காலத்துக் கார்டு. பிரின்டர், கேமரா, இரண்டு ஸ்மார்ட் பிளக், ஒரு ஆண்ட்ராய்ட் 4.4 டேப்லெட் ஆகியவை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசும் 802.11என் சாதனங்கள். 802.11பி மட்டும் பேசும் சாதனம் ஒன்றுகூட இல்லை. 2003இல் 802.11ஜி வந்த பிறகு அப்படிப்பட்டவை மெல்ல மறைந்துவிட்டன; இன்று வீடுகளில் காண்பது அரிது.

இந்தத் தாளைப் பார்த்ததுமே ஒன்று விளங்கியது. இந்த வீட்டுக்குத் தேவை வேகமான ரவுட்டர் அல்ல. பழையதற்கு ஒரு முறை, புதியதற்கு ஒரு முறை என்று தனித்தனியே அமைக்க விடும் ரவுட்டர்தான் தேவை.

லேப்டாப் ஏன் பெயரையே காணவில்லை

வைஃபை 6 ரவுட்டர் தன்னைப் பற்றி அறிவிக்கும் சிறு செய்தியில் முந்தைய தலைமுறைகளில் இல்லாத புதிய பகுதிகள் இருக்கும். ஒழுங்கான டிரைவர் புரியாத பகுதியைத் தாண்டிப் போய்விடும். சில பழைய டிரைவர்கள் அந்தச் செய்தியையே தள்ளிவிடும். பெயர் பட்டியலில் வராது. இன்டெல் 7260, 3160, 7265 போன்ற கார்டுகளுக்கு இந்தச் சிக்கல் இருப்பதை அந்த நிறுவனமே அறிவித்துத் திருத்திய டிரைவரும் வெளியிட்டது. விண்டோஸ் அப்டேட் எப்போதும் அந்த டிரைவரைக் கொண்டுவந்து தரும் என்று நம்பியிருக்க முடியாது. கார்டுத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து நேரே இறக்க வேண்டும். வைஃபை தெரியாத லேப்டாப்பில் எப்படி இறக்குவது? போனை யூஎஸ்பி வயரால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டை வயர் வழியாகப் பகிரும் வசதியை) போட்டால் போதும்.

இங்கே டிரைவர் மாற்றியதும் பெயர் வந்தது. டிரைவர் கிடைக்காத கார்டு என்றால் வழி ரவுட்டர் பக்கம் இருக்கிறது: அந்த அலைவரிசையில் ஏஎக்ஸ் முறையை, அதாவது வைஃபை 6ஐ, நிறுத்திவிட வேண்டும். 5400 ரவுட்டரின் குறை இங்கேதான் தெரிந்தது. அதன் மெனுவில் ஏஎக்ஸை நிறுத்தினால் இரண்டு அலைவரிசையிலும் சேர்ந்தே நிற்கும். பழைய ஒன்றுக்காகப் புதிய எல்லாவற்றின் வேகத்தையும் குறைக்க வேண்டிய நிலை. மெனுவை வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். பயனர் கையேடு தயாரிப்பாளர் தளத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் ரவுட்டர் மெனுவின் மாதிரியையே இணையத்தில் திறந்து வைத்திருக்கின்றன. பெட்டியின் எண்ணைப் பார்க்கும் நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுக்க வேண்டும்.

பிரின்டரும் பாஸ்வர்டும்

புதிய ரவுட்டர் டபிள்யூபிஏ2, அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 என்ற இரண்டு பாதுகாப்பு முறையும் கலந்து ஓடிக்கொண்டிருந்தது. பழைய சாதனங்கள் டபிள்யூபிஏ2 பக்கமாக வந்து சேர வேண்டும் என்பதே இந்தக் கலப்பின் நோக்கம். பெரும்பாலும் சேர்ந்துவிடும். சில பிரின்டர்களும் கேமராக்களும் மட்டும் இரண்டு முறையும் சேர்ந்து அறிவிக்கப்படுவதைப் பார்த்துத் தடுமாறி, பாஸ்வர்ட் பிழை என்று பொய்யான காரணம் காட்டும். பாஸ்வர்டைத் திரும்பத் திரும்ப அடித்து யாருக்கும் பயன் இல்லை. பழைய சாதனங்களுக்கென்று 2.4இல் தனிப் பெயர் வைத்து, அதில் டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் (ஏஇஎஸ் குறியாக்கம் கொண்ட டபிள்யூபிஏ2) மட்டும் வைத்ததும் பிரின்டர் முதல் முறையிலேயே ஏறியது.

சேர்ந்தால் சரி என்று பழைய பாதுகாப்பு முறைகளான டபிள்யூஇபிக்கோ டிகேஐபிக்கோ இறங்கிவிடக் கூடாது. இரண்டும் உடைக்கப்பட்டவை. அதோடு, அவற்றை வைத்தால் 802.11என் வேகம் கிடைக்காமல் 54 எம்பிபிஎஸ்ஸுக்குள் எல்லாம் அடங்கிவிடும்.

வைஃபை பெயரைத் தமிழில் வைக்க ஆசைப்படுவோர் கவனிக்க வேண்டியது: பெயருக்கு மொத்தம் 32 பைட்தான் இடம். மெய்யெழுத்தின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியே 3 பைட் எடுக்கும். ‘ஹட்டன்’ என்பதற்கே 18 பைட் போய்விடும். புதிய போன்கள் அதை ஒழுங்காகக் காட்டும். பழைய பிரின்டரின் சிறிய திரையில் கேள்விக்குறிகள்தான் வரும். பழையவை சேரும் பெயராவது ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். பாஸ்வர்டை எழுத்தும் எண்ணும் மட்டும் வைத்து நீளமாக்குவது நல்லது. பிரின்டர் பொத்தான்களில் விசேடக் குறிகளைத் தேடி எடுப்பது பெரிய தொல்லை.

பிரின்டர் ஏறிய பிறகும் லேப்டாப் அதைக் கண்டுபிடிக்கவில்லை. காரணம், வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் அடுக்கடுக்காக ஓடின. ஃபைபர் பெட்டி 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்தது. அதற்குள் மாட்டிய புதிய ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் இன்னொரு வலையமைப்பை உண்டாக்கியது. லேப்டாப் பழைய பழக்கத்தில் ஃபைபர் பெட்டியின் வைஃபையில் இருந்தது, பிரின்டர் புதியதில். ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தாலும் தேடல் செய்தி ஒரு வலையமைப்பிலிருந்து மற்றதற்குத் தாண்டாது. தீர்வு இரண்டு வகை: ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (முகவரி கொடுக்காமல் இணைப்பை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றச் சொல்லிச் சேவை நிறுவனத்தைக் கேட்கலாம், அல்லது புதிய ரவுட்டரை அக்சஸ் பொயின்ட் முறையில் (தனி வலையமைப்பு உண்டாக்காமல் வைஃபையை மட்டும் தரும் முறையில்) போடலாம். யாரையும் அழைக்காமல் வீட்டிலேயே செய்யக்கூடியது இரண்டாவது. முறையை மாற்றியதும் ஃபைபர் பெட்டியின் சொந்த வைஃபையை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் சாதனங்கள் பழைய பெயருக்கே திரும்பிப் போகும்.

பிரின்டருக்கு முகவரியை நிலையாக ஒதுக்கி வைப்பதும் அப்போதே செய்ய வேண்டிய வேலை. செய்யாவிட்டால் கரண்ட் போய் வந்த பிறகு முகவரி மாறி, பிரின்டர் ‘ஒஃப்லைன்’ என்று நிற்கும்.

இரவில் மட்டும் அறும் கேமரா

கேமராவின் இரவுப் பார்வை விளக்குக்கு மின்சாரம் போதவில்லை என்பது வீட்டாரின் கணிப்பு. செயலியில் இருந்த பதிவைப் பார்த்தால், அறும் நேரம் இருட்டும் நேரத்தோடு பொருந்தவில்லை. கடை அறை மூடும் நேரத்தோடுதான் பொருந்தியது. ரவுட்டர் ரோலர் கதவுக்கு நேர் பின்னால் இருந்தது. கதவை இறக்கியதும் இரும்புத் தகடு முழுவதும் அலைக்கு முன்னால் நின்றுவிடும். கதவு திறந்திருக்கும்போது கேமரா இருக்கும் இடத்தில் சிக்னல் அளவு மைனஸ் 58 டிபிஎம்; மூடினால் மைனஸ் 81. இந்த எண் பூச்சியத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 67 வரை வீடியோ அழைப்பு நிம்மதியாக ஓடும், 75க்கு மேல் தடுமாறும், 80ஐத் தாண்டினால் அறும். ரவுட்டரைக் கண்ணாடி ஜன்னல் உள்ள பக்கச் சுவருக்கு நகர்த்தி, ஆள் உயரத்தில் வைத்ததும் கதவு மூடியிருந்தும் மைனஸ் 66 வந்தது. செலவு ஒரு நீளமான பேட்ச் வயர்.

இப்படிப்பட்ட கேமராவை முதன்முதலில் பதியும்போது போன் 2.4 பெயரில் இருக்க வேண்டும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்தால் போன் 5இல் ஏறிக்கொள்ளும். சில செயலிகள் அதைக் கண்டு ‘சாதனம் கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும்.

பழையது புதியதைப் பின்னுக்கு இழுக்குமா?

பாதி உண்மை. வைஃபையில் ஒரு ரேடியோவில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒருவர்தான் பேசலாம். மெதுவாகப் பேசுகிறவர் அதிக நேரம் எடுத்துக்கொள்வார், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஆனால் இது அந்த ரேடியோவுக்குள் மட்டும், அதுவும் அந்தச் சாதனம் பேசும் நேரத்தில் மட்டும். 2.4 ஒரு ரேடியோ, 5 இன்னொன்று. பிரின்டரும் பிளக்கும் 2.4இல் இருப்பதால் 5இல் இருக்கும் போனுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்மார்ட் பிளக் ஒன்று நாள் முழுக்க அனுப்புவதே அற்பம். கவனிக்க வேண்டியது கேமராவைத்தான். அது இடைவிடாமல் அனுப்புகிறது. 2.4இல் அதற்கு நல்ல சிக்னல் கிடைத்தால் விரைவாக அனுப்பி ஓய்ந்துவிடும். மைனஸ் 80இல் தத்தளிக்கும் கேமரா ஒன்று அந்த ரேடியோவையே அடைத்துவிடும். வயதைவிடத் தூரம்தான் அதிகம் கெடுக்கிறது. ரோலர் கதவுச் சிக்கல் தீர்ந்ததும் டேப்லெட்டின் வேகமும் கூடியதற்கு இதுவே காரணம்.

கருங்கல்லும் சிலாபும்

நான்காவது முறைப்பாட்டைப் பணத்தால் தீர்க்கப் பார்த்ததுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். 5400 ரவுட்டரின் பக்கத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 40. நடுத்தட்டில் மைனஸ் 74, கீழ்த்தட்டில் போன் அதைக் காணவே இல்லை. 2.4 மட்டும் நடுத்தட்டில் 62, கீழே 79 என்று எட்டிப் பார்த்தது. அலை அனுப்பும் சக்திக்குச் சட்ட வரம்பு இருப்பதால் விலை கூடிய ரவுட்டர் பல மடங்கு சத்தமாகப் பேசிவிடாது. அது எவ்வளவு உரக்கப் பேசினாலும் கீழறையிலிருந்து போன் பதில் அனுப்ப வேண்டும். போனின் சக்தி சிறியது.

5400 என்பதே ஏறத்தாழ ஒரு கூட்டுத்தொகை: 2.4இல் 574 எம்பிபிஎஸ், 5இல் 4804. அந்த 4804ஐப் பெற நான்கு ஆன்டெனா கொண்ட சாதனமும் 160 மெகாஹெர்ட்ஸ் சேனல் அகலமும் வேண்டும். போன்களில் இருப்பது இரண்டு ஆன்டெனா. 80 மெகாஹெர்ட்ஸில் அவை 1201இல் இணையும். 1800 என்று அச்சிட்ட ரவுட்டரும் 574, 1201 என்று இதே இணைப்பைத் தருகிறது. இந்த வீட்டு ஃபைபர் திட்டமோ 100 எம்பிபிஎஸ். ஒரு ஸூம் வகுப்புக்கு 4 எம்பிபிஎஸ் இருந்தால் நல்ல படம் வரும்.

மாற்றிக்கொள்ளும் காலம் முடியாததால் 5400 திருப்பிக் கொடுக்கப்பட்டு, 1800 வகை இரண்டு வாங்கப்பட்டன. ஒன்று கடை அறைக்கு, மற்றது கீழ்த்தட்டுப் படியடிக்கு. இரண்டையும் கேட் 6 நெட்வொர்க் கேபிள் இணைக்கிறது. பெட்டிகள் தமக்குள் வைஃபையிலேயே பேசிக்கொள்ளும், கேபிள் இல்லாத மெஷ் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. கீழே வைக்கும் பெட்டியும் அதே சிலாபைத் தாண்டித்தான் மேலே பேச வேண்டும். கெட்டுப்போன சிக்னலை வாங்கி அதையே திரும்பக் கொடுக்கும்.

கேபிள் 20 மீட்டர், படிச்சுவரோடு பீவிசி குழாய்க்குள், வீட்டின் உட்புறமாகவே ஓடுகிறது. வெளியே விட்டால் மழையும் வெயிலும் மட்டுமல்ல, இடியும் பார்க்க வேண்டியிருக்கும். வாங்கும்போது முழுச் செம்பா என்று கேட்க வேண்டும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு கேபிள் வளைவுகளில் முறியும். எட்டு இழையும் ஒழுங்காகப் பிடித்தால் ரவுட்டர் மெனுவில் இணைப்பு வேகம் 1000 என்று காட்டும். 100 என்று காட்டினால் ஏதோ ஓர் இழை பிடிக்கவில்லை. கேபிள் முனையிலுள்ள பிளக்கை வெட்டி மறுபடி அடிக்க வேண்டும். ரவுட்டரின் போர்ட்டே 100 வரைதானா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். மலிவான மாடல்களில் வைஃபை எண் பெரிதாக இருக்கும், போர்ட் 100இல் நிற்கும்.

கடைசியில் இருந்த அமைப்பு

இரண்டு பெட்டியும் அக்சஸ் பொயின்ட் முறையில். 5 கிகாஹெர்ட்ஸுக்கு ஒரே பெயர், ஒரே பாஸ்வர்ட், டபிள்யூபிஏ2, 3 கலப்பு, அகலம் 80. மேலே சேனல் 36, கீழே 149. இடையில் உள்ள 52 முதல் 144 வரையான சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் குறைந்தது ஒரு நிமிடம் கேட்ட பிறகே பேசத் தொடங்கும், ரேடார் தெரிந்தால் நடுவில் தாவும். வகுப்பு நடக்கும் வீட்டில் அந்தத் தாவல் வேண்டாம்.

2.4க்கு வேறு பெயர். டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், அகலம் 20, மேலே சேனல் 1, கீழே 11, ஏஎக்ஸ் நிறுத்தம். 40 அகலம் வைத்தால் ஒன்றையொன்று தொடாத 1, 6, 11 என்ற ஒழுங்கு குலைந்து பக்கத்து வீட்டாரோடு மோதும். சாதனத்தை ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு வேகமாகக் கைமாற்றும் 802.11ஆர் வசதியும் இந்தப் பெயரில் அணைக்கப்பட்டது. பழைய சாதனங்கள் சில அதனால் இணையாமல் போகும். பிரின்டரை விருந்தினருக்கான கெஸ்ட் வலையமைப்பில் போடவில்லை. கெஸ்ட்டில் இருப்பவை மற்றவற்றைப் பார்க்க முடியாது, அச்சும் நடக்காது.

வகுப்பு நடத்தும் லேப்டாப்புக்கு வைஃபையே வேண்டாம் என்று வயர் கொடுக்கப்பட்டது. பிழைப்பு நடக்கும் கருவிக்கு எப்போதும் வயர்தான்.

கீழ்த்தட்டில் இப்போது 5 கிகாஹெர்ட்ஸ் மைனஸ் 52. போனில் திட்டத்தின் 100 முழுமையாக வருகிறது.

கரண்டும் இடியும்

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி மலையகத்தில் வழக்கம். ஃபைபர் கண்ணாடி இழை என்பதால் இடி வராது என்று நினைக்கக் கூடாது. அடெப்டர் வழியாக வரும். இடி தொடங்கும் முன் பிளக்கைக் கழற்றுவதைவிட நம்பகமான காப்பு இல்லை. பழைய செம்புத் தொலைபேசி இணைப்பு உள்ள வீடுகளில் அந்த வயரையும் கழற்ற வேண்டும்.

கரண்ட் போனால் ரவுட்டரை ஓட்டும் பேட்டரிப் பெட்டியான மினி யூபிஎஸ் வாங்கினால் லேபிளைக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 8800 மில்லி ஆம்பியர்-மணி என்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் பேட்டரிக்கான கணக்கு. பெருக்கினால் ஏறத்தாழ 32 வாட்-மணி, இழப்புப் போகக் கையில் 26 அளவில் நிற்கும். ஃபைபர் பெட்டிக்கு 6 வாட், ரவுட்டருக்கு 8 வாட் என்று வைத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஸூம் வகுப்பு ஒன்றுக்குப் போதும். பழைய சில ரவுட்டர்கள் 9 வோல்ட். 12ஐச் செருகினால் போய்விடும்.

வேறு வீடுகளுக்கு இதில் எது பொருந்தும்

தோட்டங்களில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளுக்கு இரண்டு பெட்டி தேவைப்படாது. காம்பராவும் (அறையும்) இஸ்தோப்பும் (முன் தாழ்வாரமும்) ஒரே தளத்தில். நடுவில் வைத்த ஒரு சாதாரண வைஃபை 6 ரவுட்டர் போதும். அங்கே சிக்கல் நெருக்கம். ஒட்டிய வீடுகளின் 2.4 எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். அகலம் 20ஐ விட்டு அசையக் கூடாது, 5ஐப் பேசக்கூடிய எல்லாவற்றையும் 5க்கு ஏற்றிவிட வேண்டும்.

ஃபைபர் எட்டாத தோட்டங்களில் 4ஜி ரவுட்டர்தான் வழி. டவரைப் பார்த்த ஜன்னலில் அதை வைத்துவிட்டு, அங்கிருந்து கேபிள் இழுத்து வீட்டு நடுவில் அக்சஸ் பொயின்ட் வைப்பதே நல்லது. டவருக்கு ஏற்ற இடம் வீட்டுக்கு ஏற்ற இடமாக அமைவது அபூர்வம். 4ஜி இணைப்பு பேண்ட் 40 என்ற அலைவரிசையில் ஓடினால் அது 2300 முதல் 2400 மெகாஹெர்ட்ஸ் வரை. வைஃபை சேனல் 1 அதற்கு அடுத்தே 2412இல் இருக்கிறது. அப்படியான வீட்டில் 2.4ஐ சேனல் 11க்குத் தள்ளிவைக்க வேண்டும். மூடுபனியால் நெட் மெதுவாகிறது என்ற பேச்சு நுவரெலியா பக்கம் அடிக்கடி கேட்கும். இந்த அலைவரிசைகளுக்குப் பனி ஒரு பொருட்டல்ல. ஏப்ரல் வசந்த காலத்தில் வேகம் விழுவது ஒரே டவரைச் சுற்றுலா வந்த அத்தனை பேரும் பகிர்வதால்தான்.

மத்திய கிழக்கிலிருந்து உறவினர் கொண்டுவரும் ரவுட்டர் நன்றாகவே ஓடும், ஆனால் மெனுவில் நாடு எது என்று பார்த்து மாற்ற வேண்டும். சேனல் பட்டியல் அதைப் பொறுத்தது. 4ஜி, 5ஜி பெட்டி என்றால் அந்நாட்டு நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டியதா என்பதை அங்கே இருக்கும்போதே விசாரிக்கச் சொல்லுங்கள்.

இந்த வீட்டில் தீராமல் நிற்பது ஆண்ட்ராய்ட் 4.4 டேப்லெட் மட்டும். வைஃபையில் நன்றாக ஏறுகிறது, சிக்னல் முழுதாக இருக்கிறது, ஆனால் பல தளங்கள் திறப்பதில்லை. அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் காலாவதியாகிவிட்டன; எந்த ரவுட்டராலும் அதைத் திருத்த முடியாது. பாதுகாப்புத் திருத்தங்களும் வருவதில்லை என்பதால் அது கெஸ்ட் வலையமைப்புக்கு மாற்றப்பட்டு, ஏற்கெனவே இறக்கி வைத்த பாடங்களைப் பார்க்க மட்டும் பயன்படுகிறது.